விண்கலத்தின் சாளரம்

ஐதராபாத்தின் மேற்குப் பகுதியான கச்சிபௌலியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சென்னை என்பது ஓர் இரவுப் பயணம். மாலையில் தொடர்வண்டி ஏறினால் மறுநாள் காலையில்தான் ஊர் போய்ச் சேர முடியும். தரையிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் உலகைச் சுற்றிவரும் பன்னாட்டு விண்வெளி நிலையமோ, அவ்வளவு தொலைவை ஏறத்தாழ 70 நொடிகளில் கடந்துவிடுகிறது. தக்காணத்தின் கருங்கல் குன்றுகள், கிருஷ்ணை ஆறு, நல்லமலைக் காடு, பழவேற்காட்டு உப்பங்கழி, வங்கக் கடல் ஆகிய அனைத்தும் அந்தச் சிறுபொழுதுக்குள் சாளரத்தின் கீழே ஓடி மறைகின்றன. ஒளிப்படக் கருவியின் வில்லையை மாற்றச் சற்றுத் தாமதித்தால் ஒரு மாநிலமே கடந்துபோயிருக்கும்.

விண்வெளி வீரர்கள் தம் ஓய்வு நேரத்தைச் சாளரத்தின் அருகே கழிக்க விரும்புவர் என்பது பலரும் அறிந்ததே. ஆனால் அவர்கள் எடுக்கும் படங்கள் பொழுதுபோக்குக்கு மட்டும் உரியவை அல்ல. ஏரி சுருங்குவதையும், காடு எரிவதையும், கடற்கரை இடம்பெயர்வதையும், நகரம் வயல்களை விழுங்குவதையும் காட்டும் பதிவுகள் அவை. விண்ணிலிருந்து இந்திய நிலத்தை முதன்முதலில் படமெடுத்த இந்தியர் ஐதராபாத்தில் படித்து வளர்ந்தவர்.

நிஜாம் கல்லூரி மாணவர்

ராகேஷ் சர்மா 1949ஆம் ஆண்டு பஞ்சாபின் பட்டியாலாவில் பிறந்தார். பள்ளிப் படிப்பும் நிஜாம் கல்லூரிப் படிப்பும் அவருக்கு ஐதராபாத்தில் அமைந்தன. பின்னர் இந்திய வான்படையில் விமானியாகிய அவர், 1984 ஏப்ரல் 3 அன்று சோயுஸ் டி-11 விண்கலத்தில் யூரி மாலிஷெவ், கென்னடி ஸ்ட்ரெகலோவ் ஆகிய சோவியத் வீரர்களுடன் புறப்பட்டார். சல்யூத்-7 என்னும் விண்வெளி நிலையத்தில் தங்கிப் பணியாற்றிவிட்டு ஏப்ரல் 11 அன்று தரை திரும்பினார்.

மேலிருந்து பார்க்கும்போது இந்தியா எவ்வாறு தோன்றுகிறது என்று பிரதமர் இந்திரா காந்தி கேட்டதும், ராகேஷ் சர்மா புகழ்பெற்ற ஓர் உருதுப் பாடலின் முதல் அடியை விடையாகச் சொன்னதும் நாடறிந்த செய்தி. தொலைக்காட்சியில் அந்த உரையாடலைக் கண்டவர்கள் இன்றும் அதை நினைவுகூர்கின்றனர். அந்த ஒரு வாரத்தில் அவர் செய்த முதன்மையான வேலையை நினைவில் வைத்திருப்போர் மிகச் சிலரே. அதற்கு ‘டெர்ரா’ என்று பெயர். டெர்ரா என்பது இலத்தீன் மொழியில் நிலத்தைக் குறிக்கும் சொல். இந்தியாவின் மலைப்பனி, காடுகள், ஆற்றுப்படுகைகள், கடற்கரைகள் முதலியவற்றை விண்வெளி நிலையத்திலிருந்து முறையாகப் படமெடுப்பதே அத்திட்டம்.

அதற்குப் பயன்பட்ட கருவிகளுள் ஒன்று எம்.கே.எஃப்-6எம். கிழக்கு ஜெர்மனியின் யேனா நகரில் கார்ல் சைஸ் நிறுவனம் உருவாக்கிய கருவி அது. அதற்கு ஆறு கண்கள். ஆறு வில்லைகளும் ஒரே நேரத்தில் ஒரே நிலப்பரப்பை நோக்கும். ஆனால் ஒவ்வொன்றும் ஒளியின் வெவ்வேறு பகுதியை மட்டும் உள்ளே விடும். ஒன்று நீலப்பச்சையை ஏற்கும், ஒன்று பச்சையை ஏற்கும், மற்றொன்று சிவப்பை ஏற்கும். மனிதக் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளிக்கும் அதில் இடமுண்டு. இவ்வாறு ஒரே இடத்துக்கு ஆறு படங்கள் ஆறு படச்சுருள்களில் பதிவாகும்.

ஒரு படம் போதாதா என்னும் கேள்வி இங்கே எழும். நலமான பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்புகிறது. தண்ணீரோ அகச்சிவப்பை ஏறக்குறைய முழுதாக விழுங்கிவிடும். ஆகவே அகச்சிவப்புப் படத்தில் ஏரி கறுப்பாகவும் பயிர் வெளிச்சமாகவும் தெரியும். இலை வாடத் தொடங்கினால் அந்த வெளிச்சம் மங்கும். சாதாரண வண்ணப் படத்தில் ஒன்றுபோலப் பசுமையாகத் தோன்றும் இரு வயல்களில் எது நலமானது, எது நோயுற்றது என்பதை ஆறு படங்களையும் ஒப்பிட்டு அறியலாம். மருத்துவர் நாடியையும் நாக்கையும் கண்ணையும் தனித்தனியே பார்ப்பது போன்றது இது.

எடுத்த படங்களை உடனே பூமிக்கு அனுப்ப அக்காலத்தில் வழியில்லை. படச்சுருள்கள் வீரர்களோடு சேர்ந்து தரையிறங்க வேண்டும். பிறகு கழுவப்பட வேண்டும். அதன் பின்னரே யாரும் பார்க்க இயலும். படம் சரியாக விழுந்ததா என்பதே எடுத்தவருக்குத் தெரியாது. இன்று கைப்பேசியில் படமெடுத்து அடுத்த நொடியே பார்க்கும் தலைமுறைக்கு இப்பொறுமை வியப்பளிக்கலாம்.

தென்னை மரத்திலிருந்து தொடங்கிய கலை

இந்தியாவில் இக்கலை விண்வெளியில் தொடங்கவில்லை. கேரளத்துத் தென்னந்தோப்பில் தொடங்கியது. தென்னையைத் தாக்கும் வேர்வாடல் நோய் அங்கே உழவர்களை வாட்டிக்கொண்டிருந்தது. 1970ஆம் ஆண்டு பி. ஆர். பிஷரோட்டி என்னும் அறிவியலாளரின் குழுவினர் ஹெலிகாப்டரில் பறந்து, அகச்சிவப்பு ஒளியைப் பதியும் படச்சுருளைக் கொண்டு தோப்புகளைப் படமெடுத்தனர். நோயுற்ற மரங்கள் அப்படங்களில் வேறு நிறத்தில் தனித்துத் தெரிந்தன. தொலையுணர்வு எனப்படும் துறைக்கு இந்தியாவில் வித்திட்டவராகப் பிஷரோட்டி போற்றப்படுகிறார். பொருளைத் தொடாமல், தொலைவிலிருந்தே அதன் இயல்பை அறிவது தொலையுணர்வு.

அதன் பிறகு 1974இல் தேசியத் தொலையுணர்வு முகமை நிறுவப்பட்டது. அது ஐதராபாத்தின் பாலாநகரில் அமைந்தது. 2008 முதல் இஸ்ரோவின் மையமாக, தேசியத் தொலையுணர்வு மையம் என்னும் பெயரில் இயங்குகிறது. நகரத்துக்குத் தெற்கே ஷாத்நகரில் அதன் தரைநிலையம் உள்ளது. அங்குள்ள பெருங்கிண்ண வடிவ அலைவாங்கிகள் செயற்கைக்கோள்கள் அனுப்பும் படங்களைப் பெறுகின்றன. 1988 மார்ச் 17 அன்று ஐ.ஆர்.எஸ்-1ஏ என்னும் செயற்கைக்கோள் ஏவப்பட்டபின், இந்திய நிலத்தை இந்தியச் செயற்கைக்கோளே இடைவிடாது படமெடுக்கத் தொடங்கியது. சென்னை வெள்ளமானாலும் இமயமலை நிலச்சரிவானாலும், மேலிருந்து எடுத்த படம் முதலில் வந்து சேரும் ஊர்களில் ஐதராபாத்தும் ஒன்று. கச்சிபௌலியில் வாழும் பலருக்கு இது தெரியாது.

கடலூர்ப் புயலின் படம்

உலகிலேயே மிகுதியாக அச்சிடப்பட்ட ஒளிப்படங்களுள் ஒன்று ‘நீலக் கோலிக்குண்டு’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரால் அறியப்படுகிறது. 1972 டிசம்பர் 7 அன்று நிலவை நோக்கிச் சென்றுகொண்டிருந்த அப்போலோ-17 வீரர்கள், ஏறத்தாழ 29,000 கிலோமீட்டர் தொலைவிலிருந்து அதை எடுத்தனர். நீலக் கடலும் வெண்முகிலும் பழுப்பு நிற ஆப்பிரிக்காவும் ஒரே உருண்டையாய் அதில் தெரியும். எடுத்த நிலையில் அப்படத்தில் தென்துருவம் மேலே இருந்தது. வெளியிடும்போதுதான் நாம் பழகிய முறைக்கேற்பத் திருப்பி வைத்தனர். விண்ணில் மேல், கீழ் என்பவை இல்லை.

அப்படத்தின் வலப்பக்க மேல் ஓரத்தில், உருண்டையின் விளிம்பை ஒட்டி, ஒரு வெண்சுழல் உண்டு. அது தமிழகப் புயல். டிசம்பர் 5 அன்று கடலூர் அருகே கரையைக் கடந்து, காற்றாலும் வெள்ளத்தாலும் கடற்கரை மாவட்டங்களைச் சிதைத்த புயல் அது. வங்கக் கடற்புயல்களுக்குப் பெயர் சூட்டும் வழக்கம் 2004இல்தான் வந்ததால் அதற்கென ஒரு பெயரும் இல்லை. கூரை இழந்தவர்கள் தம் வீட்டை மீண்டும் கட்டிக்கொண்டிருந்த நாளில், அவர்கள் தலைக்கு மேலிருந்த முகில் உலகப் புகழ்பெற்ற படமொன்றில் ஒரு வெண்புள்ளியாகப் பதிந்தது. கூரையிழந்தோர் அதை அறிந்திருக்க வாய்ப்பில்லை. படத்தை அறையில் மாட்டி வைத்திருக்கும் பலரும் அவர்களை அறியார்.

அதற்கும் ஆறாண்டுகளுக்கு முன்பு, 1966 செப்டம்பரில், ஜெமினி-11 விண்கலத்தில் சென்ற சார்லஸ் கான்ராட், ரிச்சர்ட் கோர்டன் ஆகிய இருவரும் தென்னிந்தியாவும் இலங்கையும் ஒருசேரத் தெரியும் படமொன்றை எடுத்தனர். நிலப்படத்தில் வரைந்த கோடுகளாகவே அறிந்திருந்த தமிழகக் கரையையும் பாக் நீரிணையையும் முதன்முறையாக ஒரே காட்சியாய்க் காட்டிய படங்களுள் அதுவும் ஒன்று.

ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர்

விண்வெளி நிலையத்தில் இன்று படமெடுப்பது எவ்வாறு? 2010இல் நிலையத்தோடு இணைக்கப்பட்ட ‘குப்போலா’ என்னும் கவிகைமாடத்தில் ஏழு சாளரங்கள் உள்ளன. அவற்றுள் பெரியது நேரே பூமியை நோக்கியிருக்கும். வீரர்கள் பெரும்பாலும் கடைகளில் கிடைக்கும் வகையைச் சேர்ந்த எண்ணிமக் கருவிகளையே பயன்படுத்துகின்றனர்.

அக்கருவியில் 400 மில்லிமீட்டர் குவியத்தொலைவு உடைய வில்லையைப் பொருத்தியதாகக் கொள்வோம். நிலையத்தின் உயரம் 400 கிலோமீட்டர். இரண்டுக்கும் இடையிலான விகிதம் ஒன்றுக்குப் பத்து இலட்சம். எனவே தரையிலுள்ள ஒரு கிலோமீட்டர், கருவியின் உணரியில் ஒரு மில்லிமீட்டராக விழும். உணரியின் அகலம் 36 மில்லிமீட்டர் என்றால் படத்தில் 36 கிலோமீட்டர் நிலம் அடங்கும். கச்சிபௌலியும் சார்மினாரும் ஒரே படத்தில் வந்துவிடும். ஆனால் கச்சிபௌலியில் தொடங்கி நகரைச் சுற்றிவரும் 158 கிலோமீட்டர் நீளமுள்ள வெளிவட்டச் சாலை அதில் முழுவதும் அடங்காது. அதற்குக் குவியத்தொலைவு குறைந்த வில்லை வேண்டும்.

உணரியிலுள்ள ஒவ்வொரு நுண்கட்டமும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஆறு பங்கு அளவுடையது எனின், படத்தின் ஒவ்வொரு புள்ளியும் தரையில் 6 மீட்டரைக் குறிக்கும். கச்சிபௌலி விளையாட்டரங்கின் கால்பந்துத் திடல் ஏறத்தாழ 105 மீட்டர் நீளமுடையது என்று கொண்டால், அது படத்தில் 17 புள்ளி நீளமும் 11 புள்ளி அகலமுமாய் ஒரு சிறு பச்சைக் கட்டமாகத் தெரியும். அதில் விளையாடும் ஒருவரும் தெரியார்.

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. நிலையம் நொடிக்கு 7 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் தரையைக் கடக்கிறது. கருவியின் கதவு நொடியில் ஐந்நூற்றில் ஒரு பங்கு நேரமே திறந்திருந்தாலும், அதற்குள் கீழேயுள்ள நிலம் 14 மீட்டர் நகர்ந்துவிடும், படம் கலங்கும். ஆகவே வீரர், ஓடும் பேருந்திலிருந்து சாலையோர மரம் ஒன்றைப் பார்வை விலக்காமல் நோக்குபவர்போல, இலக்கைத் தொடர்ந்து கருவியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இது பழகிய கைக்கே வரும். இரவு நேரத்தில் கதவு நீண்ட நேரம் திறந்திருக்க வேண்டியதால் இடர் பன்மடங்காகும். 2002, 2003ஆம் ஆண்டுகளில் நிலையத்தில் தங்கியிருந்த டொனால்டு பெட்டிட் என்னும் வீரர், அங்கே கிடைத்த உதிரிப் பாகங்களையும் கைத்துளைப்பான் ஒன்றையும் இணைத்து, கருவியைச் சீராகத் திருப்பும் தாங்கியொன்றைத் தாமே செய்துகொண்டார். அதனால் நகரங்களின் இரவு விளக்குகள் தெளிவாகப் பதிந்தன. விண்வெளியிலும் கைவேலைக்கு மதிப்புண்டு.

மின்னும் ஏரிகள்

செயற்கைக்கோள்கள் இருக்கும்போது மனிதர் ஏன் படமெடுக்க வேண்டும் என்பது நியாயமான கேள்வி. நில ஆய்வுச் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் நேர் கீழே நோக்கும். ஒரே இடத்தை ஏறத்தாழ ஒரே நேரத்தில் மீண்டும் மீண்டும் படமெடுக்கும். ஒப்பிடுவதற்கு அவையே சிறந்தவை. மனிதரோ எதிர்பாராததைக் கண்டவுடன் கருவியைத் திருப்புவார். எரிமலைப் புகை எழுந்தால் சாய்வாகப் பார்த்து அதன் உயரத்தைக் காட்டுவார். 1991இல் குவைத்தின் எண்ணெய்க் கிணறுகள் எரிந்தபோது, பாலைவனத்தின்மீது நீண்டு கிடந்த கரும்புகையை விண்ணோடத்தில் சென்ற வீரர்கள் படமெடுத்தனர்.

மனிதர் விரும்பிக் காத்திருக்கும் காட்சி ஒன்று உண்டு. கதிரவன் ஒளி நீர்ப்பரப்பில் பட்டு நேராகச் சாளரத்துக்குத் திரும்பும் அந்த ஒரு கணத்தில், கீழேயுள்ள நீர்நிலைகளெல்லாம் வெள்ளித் தகடுகளாய் மின்னும். வாய்க்காலும் குட்டையும்கூடத் தப்பாது. தக்காணமும் தமிழகமும் இக்காட்சிக்கென்றே அமைந்த நிலங்கள் எனலாம்; ஏனெனில் இங்கு மழைநீரைத் தேக்க முன்னோர் வெட்டிய ஏரிகள் எண்ணற்றவை. தமிழர் ஏரி, கண்மாய், குளம், தாங்கல் என்று பெயரிட்டவற்றைத் தெலுங்கர் ‘செருவு’ என்கின்றனர். கச்சிபௌலிக்கு அருகே துர்கம் செருவு உள்ளது. மேற்கே 1908ஆம் ஆண்டின் மூசி ஆற்று வெள்ளத்துக்குப் பின்னர்க் கட்டப்பட்ட உஸ்மான் சாகரும் இமாயத் சாகரும் உள்ளன. கச்சிபௌலி என்னும் பெயரிலேயே நீர் இருக்கிறது. பௌலி என்பது படிக்கிணறு.

பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்தால், மின்னும் தகடுகளுள் எவை சிறுத்தன, எவை மறைந்தன என்பது தெரியும். சென்னைக்குக் குடிநீர் தரும் புழல் ஏரி 2018 சூனில் நீரோடும், 2019 சூனில் ஏறக்குறைய வறண்ட தரையாகவும் காட்சியளித்ததைச் செயற்கைக்கோள் படங்கள் உலகுக்குக் காட்டின. அவ்வாண்டு சென்னைக்குத் தொடர்வண்டியில் தண்ணீர் வந்தது.

நானூறு ஏக்கர்

2025 மார்ச்சு மாத இறுதியில் கச்சிபௌலியே இத்தகைய படங்களின் பொருளாயிற்று. ஐதராபாத் பல்கலைக்கழகத்தை ஒட்டிக் ‘கஞ்ச கச்சிபௌலி’ எனப்படும் நிலம் உள்ளது. அங்கே ஏறத்தாழ 400 ஏக்கர் பரப்பில் மரங்களையும் புதர்களையும் அகற்ற மண்வாரி எந்திரங்கள் இறங்கின. நிலம் தனக்கு உரியது என்றும், தொழில் வளர்ச்சிக்குத் தேவை என்றும் மாநில அரசு கூறியது. அங்கே மானும் மயிலும் வாழ்கின்றன, அது காடே என்று மாணவர்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் எதிர்த்தனர். ஏப்ரல் 3 அன்று மரம் வெட்டுவதை நிறுத்துமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

அந்நாள்களில் மக்களிடையே பரவியவற்றுள் அந்நிலத்தின் செயற்கைக்கோள் படங்களும் இருந்தன. முந்தைய படத்தில் பச்சை. பிந்தைய படத்தில் அதன் நடுவே சிவந்த மண். 400 ஏக்கர் என்பது ஏறத்தாழ 1.6 சதுர கிலோமீட்டர். முன்னே கணக்கிட்ட விண்வெளி நிலையப் படத்தில் அது 45,000 புள்ளிகளுக்குச் சமம். ஒரு புள்ளியை மறுக்கலாம். 45,000 புள்ளிகள் நிறம் மாறினால் மறுப்பது அரிது.

ஆயினும் படத்துக்கு எல்லை உண்டு. நிலம் யாருக்கு உரியது என்பதைப் படம் சொல்லாது. அங்கே நின்ற மரம் எது, அதில் கூடு கட்டிய பறவை எது என்பதையும் சொல்லாது. அவற்றை அறிய ஒருவர் கால்நடையாகச் சென்று பார்க்கத்தான் வேண்டும். தொலையுணர்வு அறிஞர்கள் இதனைக் களச் சரிபார்ப்பு என்பர். விண்ணிலிருந்து எடுத்த படமும் மண்ணில் நடந்து எடுத்த குறிப்பும் சேரும்போதுதான் சான்று முழுமை பெறுகிறது.

எல்லைக் கோடுகள்

2025 சூன் 25 அன்று புறப்பட்ட சுபான்ஷு சுக்லா, பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் தங்கிய முதல் இந்தியர் ஆனார். ராகேஷ் சர்மாவுக்குப் பின் விண்வெளிக்குச் சென்ற இந்திய வான்படை வீரர் வேறொருவர் இல்லாமல் 41 ஆண்டுகள் கழிந்திருந்தன. கவிகைமாடத்திலிருந்து அவரும் பூமியைப் படமெடுத்தார். மேலிருந்து பார்க்கையில் நாடுகளின் எல்லைகள் தெரியவில்லை என்று அவர் பிரதமரிடம் கூறினார்.

பகலுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். இரவில் விலக்கு உண்டு. இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே வேலி நெடுகப் பொருத்தப்பட்ட காவல் விளக்குகள், வளைந்து செல்லும் செம்மஞ்சள் கோடாய்த் தெரிகின்றன. நிலையத்தின் வீரர்கள் அதைப் பலமுறை படமெடுத்துள்ளனர். மாநில எல்லைகளுக்கு அவ்வாறு விளக்கு இல்லை. தெலங்கானம் எங்கே முடிந்தது, தமிழகம் எங்கே தொடங்கியது என்பதை அங்கிருந்து யாராலும் சொல்ல இயலாது.

இந்தியா தானே அனுப்பவிருக்கும் ககன்யான் கலத்துக்குத் தேர்வான நால்வருள் சுக்லாவும் ஒருவர். சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் மற்றொருவர். அக்கலமும் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றத் திட்டமிடப்பட்டுள்ளது.

கச்சிபௌலியின் மாடிகளிலிருந்து விண்வெளி நிலையத்தைக் காண்பதற்குத் தொலைநோக்கி தேவையில்லை. கதிரவன் மறைந்து சற்று நேரத்தில், தரை இருண்டிருக்க, உயரே இன்னும் வெயில் இருக்கும். அவ்வேளையில் நிலையம் அவ்வழியே வந்தால், மின்னாத ஒரு விண்மீன் போல மேற்கிலிருந்து எழுந்து ஐந்தாறு நிமிடங்களில் வானைக் கடந்து செல்லும். ஒலியே இராது. அந்நேரத்தில் கவிகைமாடத்தில் யாரேனும் இருந்தால், அவருக்குக் கீழே வெளிவட்டச் சாலையின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருக்கும்.